மேஸ்திரியின் வாய்

காய்ச்சலில் படுத்து எழுந்த கன்னியப்பனுக்கு இரண்டு காதும் போய்விட்டன. ஆம்பூர் தோல் ஷாப்பில், மயிர் கழல ஆட்டுத்தோலை ஊறப்போடும் சுண்ணாம்புக் குழி வேலை அவனுக்கு. பேசுகிறவர் வாயைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்வான். காது போனது பெண்சாதி தனகோடிக்கு மட்டும் தெரியும். பழைய மேஸ்திரி எதையும் கண்டுகொள்ளாத மனுஷன், இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

புதிதாக வந்த கவுஸ் பாஷா மேஸ்திரி அப்படியில்லை. மேஸ்திரி பேசினால் கூலிக்காரன் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தரையைப் பார்க்க வேண்டும், அதுதான் ஷாப்பு வழக்கம். கன்னியப்பன் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இன்னாடா, என் வாயில பயாஸ்கோப்பா ஓடுது? கண்ணைக் கீழ போடு. இன்னொரு வாட்டி மொறைச்சே, வேலை கெடையாது."

உள்ளதைச் சொல்லிவிடு என்றாள் தனகோடி. அவனுக்குத் தைரியம் வரவில்லை. விரல் போன ஆதிகேசவனை மறுநாளே வரவேண்டாம் என்று அனுப்பிய இடம் அது. செவிடனை மட்டும் வைத்துக்கொள்வார்களா? அதனால் தலையைக் குனிந்து, எதற்கும் "சரிங்க மேஸ்திரி" என்றான். பிறகு மற்றவர்கள் செய்வதைப் பார்த்துச் செய்தான். மூன்று நாள் சமாளித்தான்.

நாலாம் நாள் காலையில் மேஸ்திரி அவனிடம் தனியாக வந்து நின்றார். கன்னியப்பன் அவர் செருப்பைப் பார்த்தான், சரிங்க என்றான், செருப்பு போய்விட்டது. இரண்டாம் குழித் தோலை மதியத்துக்குள் கரையேற்றச் சொல்லியிருந்தார். பொழுது சாயும் நேரத்தில் நூறு ஆட்டுத்தோலும் சுண்ணாம்பிலேயே கிடந்தன. இன்னும் கொஞ்சம் கிடந்தால் கூழாகிவிடும்.

செருப்பு திரும்ப வந்து தரையை உதைத்தது. சரிங்க என்றான். மேஸ்திரி அவன் மோவாயைப் பிடித்துத் தூக்கினார்.

"எதுக்குடா சரிங்குற? நாளையிலேர்ந்து வராதன்றேன்."

"காது கேக்காது மேஸ்திரி. வாயைப் பாத்தாத்தான் புரியும்."

அவர் நம்பவில்லை. துண்டால் வாயை மூடிக்கொண்டு என்னவோ சொன்னார். கன்னியப்பன் முழித்தான். துண்டை எடுத்துவிட்டு, உதட்டை மட்டும் அசைத்தார். கூட நின்றவர்கள் என்ன என்ன என்று கழுத்தை நீட்டியதில், சத்தம் வரவில்லை என்று அவனுக்குத் தெரிந்தது.

"சொல்லுடா, இன்னா சொன்னேன்?"

கன்னியப்பன் சுற்றுமுற்றும் பார்த்தான். "மொதலாளியைப் பத்தி, மேஸ்திரி. நாலு பேர் எதிர்ல நான் சொல்லக்கூடாது."

மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, அவனுக்கு நேர் எதிரே நின்றார்.

"குழியில எறங்கு. எல்லாத்தையும் எடுத்துட்டுத்தான் ஊட்டுக்குப் போவணும். நாளைக்கு மொத குழி."

கன்னியப்பன் கடைசி வார்த்தை வரைக்கும் அவர் வாயைப் பார்த்துவிட்டு, வேட்டியை வரிந்துகட்டிக் குழியில் இறங்கினான்.