கை கடைசியில்தான்

மகள் மறந்துவிட்டுப் போன தண்ணீர்ப் பாட்டிலைக் கொடுக்கத்தான் சாரதாமணி அன்று மங்கலம் மைதானத்துக்குப் போனாள். கிருத்திகா கல்லூரி அணிக்காக இரும்புக் குண்டு எறிகிறவள். பள்ளிக்கூட நாளிலிருந்தே அந்த மண்ணில்தான் பயிற்சி. ஒல்லியான உடம்பு. ஆனாலும் எறிவட்டத்தின் பின்விளிம்பில் முதுகைக் காட்டி நின்று, ஒற்றைக்காலில் வழுக்கி வந்து, திரும்பி எறியும்போது பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும்.

வட்டத்தின் ஓரத்தில் ஒரு குண்டு சும்மா கிடந்தது. சாரதாமணி அதை எடுத்துப் பார்த்தாள். வழுக்கவும் இல்லை, திரும்பவும் இல்லை. நின்ற இடத்திலேயே கழுத்தோரம் வைத்து ஒரு தள்ளு தள்ளினாள். மகள் அன்றைக்கு எறிந்ததிலேயே தூரமான அடையாளத்துக்கு ஒரு சாண் தள்ளிப் போய் விழுந்தது.

பயிற்சியாளர் கோமளா எழுந்து வந்தாள். “இன்னொரு தடவ போடுங்கக்கா.”

போட்டாள். இன்னும் கொஞ்சம் தூரம் போனது. கிருத்திகா குனிந்து, அவிழாத ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து சாரதாமணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டை ஒட்டிய ஷெட்டில் அவளும் கணவன் ராஜவேலும் பத்துத் தையல் மெஷின் போட்டு பனியன் தைத்துக் கொடுக்கிறார்கள். ராஜவேலுக்கு முதுகுவலி வந்ததிலிருந்து, டெம்போவில் வரும் வெட்டிய துணி பீஸ் மூட்டைகளை இறக்குவது அவள்தான். இப்போது மூட்டையை இறக்கி வைப்பதற்குப் பதில் தோளிலிருந்து தள்ளிப் போட்டாள். எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்தாள். சோறு தின்னும்போதுகூடக் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

“ஒரு எடத்துல உக்காரவே மாட்டீங்கற. என்ன ஆச்சு உனக்கு?” என்றான் ராஜவேல்.

“ஒண்ணுமில்லீங்க.”

மகளை முந்திவிட்டோமே என்ற குறுகுறுப்பு ஒரு பக்கம். மறுபடி அந்தக் குண்டைத் தொட வேண்டும் என்ற ஆசை ஒரு பக்கம். ஆசைதான் ஜெயித்தது. ஈரோட்டில் முப்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்குப் போட்டி நடக்கிறது என்று கோமளா சொன்னதும், வீட்டில் யாரையும் கேட்காமல் பேர் கொடுத்துவிட்டாள். கோமளா ஒரு பழைய குண்டையும் கொடுத்தனுப்பினாள். ஷெட்டின் பின்புறம் சுண்ணாம்புத்தூளில் வட்டம் போட்டு, மகள் செய்வதைப்போல வழுக்கிப் பார்த்தாள். கால் பின்னியது. இன்னும் வேகமாகப் போனால் சரியாகிவிடும் என்று நினைத்து இன்னும் வேகமாகப் போனாள்.

கிருத்திகா அதைப் பார்த்துவிட்டாள். கொஞ்ச நேரம் சுவரில் சாய்ந்து நின்றாள்.

“எனக்குன்னு ஒரே ஒரு எடம் இருந்துச்சும்மா. அங்கயும் வந்துட்டே.”

“உன்னய ஜெயிக்கோணும்னு வரல அம்மணி. கை சும்மா இருக்க மாட்டீங்குது.”

“உனக்கு உடம்புலயே பலம் கெடக்குது. எனக்கு இல்ல. சாண் சாணா, முறைய வெச்சுத்தான் தூரத்தச் சேத்துனேன். நீ நின்னவாக்குல தூக்கிப் போட்டுட்டுப் போயிட்டே.”

சாரதாமணி போட்டிக்குப் போகாமல் இருந்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தாள். இருக்க முடியவில்லை.

ஈரோட்டுக்குக் கிளம்பிய காலையில் கிருத்திகாவும் வந்து பஸ்ஸில் ஏறினாள். மைதானத்தில் தனியாகப் போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

ஆளுக்கு மூன்று வாய்ப்பு. சாரதாமணி முதல் தடவை வழுக்கி வந்த வேகத்தில் முன்கால் வட்டத்தின் முன்விளிம்பில் பதித்த பலகையைத் தாண்டி வெளியே போய்விட்டது. சிவப்புக் கொடி. இரண்டாவது தடவையும் அதே கதிதான். குண்டு என்னவோ நல்ல தூரம் போய்த்தான் விழுந்தது. கணக்கில் சேராது. கழிவறைப் பக்கம் போனாள், பாதியில் திரும்பினாள், தண்ணீரைக் குடிக்காமலே மூடினாள்.

தடுப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மகளின் குரல் கேட்டது. “அம்மா, இங்க வா.”

போனாள்.

“பின்னால இருந்து வர்றப்பவே எல்லா வேகத்தையும் கொட்டிடறே. அப்பறம் நிறுத்த முடியறதில்ல. மெதுவா வா. முன்கால் ஊனுனதுக்கு அப்பறந்தான் வேகம். காலு, இடுப்பு, நெஞ்சு. கை கடைசியில்தான். நீ மொதல்லயே கையக் கொண்டுட்டு வர்றே.”

“நின்னே போட்டுடறேன் கண்ணு. அது எனக்கு வரும்.”

“வரும். பலம் இருக்கற வரைக்கும் வரும். அப்பறம் ஒரு சாண்கூட ஏறாது.” கிருத்திகா கயிற்றைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “உன்ற இஷ்டம்.”

சாரதாமணி வட்டத்துக்குள் போனாள். முதுகைக் காட்டி நின்றாள். உடம்பு முழுக்க ஓடு, ஓடு என்றது. அதை அடக்கி மெதுவாக வழுக்கினாள். முன்கால் மண்ணில் ஊன்றியபோது குதிகாலிலிருந்து ஏதோ கிளம்பி, தொடை வழியாக, இடுப்பைத் திருப்பிக்கொண்டு மேலே வந்தது. கை வெறுமனே அதைப் போகவிட்டது. கால் பலகைக்குள்ளேயே நின்றது. வெள்ளைக் கொடி.

தூரத்தை அறிவித்தார்கள். மங்கலத்தில் நின்றபடி போட்டதைவிடக் குறைவு. ஐந்தாவது இடம்.

“குறைஞ்சுதான் போச்சு,” என்றாள் வெளியே வந்து. கோபமாக இருந்தது.

“முறைய மாத்துனா மொதல்ல குறையத்தாஞ் செய்யும். எனக்கும் ஒரு வருசம் அப்படித்தான் இருந்துச்சு.”

“எப்ப?”

“பன்னண்டாவது படிக்கறப்ப. நீ கேக்கல.”

சாரதாமணி அந்த வருஷத்தை நினைத்துப் பார்த்தாள். மகள் மைதானத்திலிருந்து வந்து பேசாமல் சாப்பிட்டுப் படுத்த சாயங்காலங்கள் ஞாபகம் வந்தன. படிப்புச் சுமை என்று நினைத்திருந்தாள்.

கிருத்திகா அம்மாவின் மேற்கையை விரல்களால் அழுத்திப் பார்த்தாள். “இது மட்டும் எனக்கு இருந்துச்சுன்னா,” என்றாள், பாதி சிரிப்போடு. முழுக்கச் சமாதானம் ஆகவில்லை என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பெருந்துறை தாண்டுவதற்குள் சாரதாமணிக்கு வலி பிடித்துக்கொண்டது. தோளைத் தடவிப் பார்த்தாள், கையை மடக்கி நீட்டினாள். அங்கே ஒன்றும் இல்லை. வலது தொடையும் இடுப்பும்தான் வலித்தன. இத்தனை வருஷத்தில் வலித்திராத ஓர் இடம்.

“அம்மணி, எனக்குத் தொடைதான் வலிக்குது.”

ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்த கிருத்திகா கண்ணைத் திறக்கவில்லை. “அப்ப சரியாத்தான் போட்டிருக்கற,” என்றாள்.