நினைவுக்குப் போட்ட கதிரை

டென்மார்க்கின் எஸ்பியர்க் நகரத்துச் சிறிய படக்கூடம் ஒன்றில், 2019 மார்ச் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, செப்புத்தகட்டில் செதுக்கி அச்சடித்த முந்நூற்றைம்பது வருடப் பழைய படத்திலிருந்து நான்கு பெண்கள் இறங்கி வந்தார்கள். 'மனம்' என்பது படத்தின் பெயர். தலைக்கவசம் அணிந்தவள் அறிவு, நெற்றியோரம் சிறகு முளைத்தவள் கற்பனை, கன்னத்தில் கையூன்றியவள் துயரம், முன்னும் பின்னும் முகம் கொண்டவள் நினைவு. துப்புரவு வேலை செய்த விக்ரோரியாவுக்கு நால்வரையும் தெரியும். பதினொரு வருடமாக அந்தப் படத்தின் கண்ணாடியைத் துடைத்தவள், பக்கத்திலிருந்த விளக்கத்தையும் டெனிஷ் அகராதி வைத்து வாசித்து முடித்திருந்தாள்.

எட்டு மணிக்கு வந்த பொறுப்பாளர் பிர்கிட்ட, வெறும் தாளைப் பார்த்துவிட்டு, விக்ரோரியாதான் படத்தைத் துடைத்து அழித்துவிட்டாள் என்றார். நடையில் உலாவிய பெண்களைக் கண்ட பிறகும் அவர் இறங்கி வரவில்லை. பத்து மணிக்குள் படம் பழையபடி இராவிட்டால் வேலை போகும் என்றார். விக்ரோரியா பெயர் சொல்லிக் கூப்பிட, மூன்று பேர் அவரவர் இடத்துக்குப் போனார்கள். நினைவு மட்டும் அசையவில்லை.

"கால் நோகுதோ?" என்று விக்ரோரியா தமிழில் கேட்டாள்.

நினைவுக்கு எந்த மொழியும் விளங்கும். "ஓம். அவையள் இருக்கினம், சாயினம். என்னை மட்டும் நிக்க வைச்சே கீறிப்போட்டாங்கள்."

விக்ரோரியா ஊழியர் சாப்பாட்டறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கி வந்து, துடைத்துப் போட்டாள். "இருங்கோ. இனி ஒருத்தரும் எழுப்பமாட்டினம்." கதிரையோடு நினைவு படத்துக்குள் போனபோது பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது.

கோப்பன்ஹேகனிலிருந்து வந்த நிபுணர்கள், கதிரையின் கோடுகளும் அதே பழைய உளியின் வேலைதான் என்று எழுதிக் கொடுத்தார்கள். விளக்க அட்டையில் 'கதிரை: ஊழியர் ஒருவர்' என்று போடப் பார்த்தார் பிர்கிட்ட. விக்ரோரியா வாளியைக் கீழே வைத்து, தன் பெயரை எழுத்தெழுத்தாக டெனிஷில் சொன்னாள். இப்போது அங்கே 'கதிரை: விக்ரோரியா குருசுமுத்து' என்று இருக்கிறது.

ரண்டர்ஸ் நகரிலிருந்து உறவினர் வந்தால், கணவர் குருசுமுத்து முதலில் அங்கேதான் கூட்டிப்போவார். "என்ரை மனிசி போட்டது," என்பார். போன கோடையில் மைத்துனர் நிர்மலன், கதிரையில் இருக்கிற அந்த அம்மா எழும்பவே மாட்டாவோ என்று கேட்டார்.

"திங்கக்கிழமை இங்கை பூட்டு," என்றார் குருசுமுத்து. "அண்டைக்கு நடப்பா."