திரிந்த பால்

ஏழாம் வகுப்புக்குக் காட்ட வேண்டிய சோதனையை முதலில் வீட்டிலேயே செய்து பார்த்தேன். கண்ணாடித் தொட்டி நிறைய மணல். ஒரு பக்கம் நீல மை கலந்த உப்புத் தண்ணீர், அதுதான் கடல். மறுபக்கம் நல்ல தண்ணீர். நல்ல தண்ணீர்ப் பக்கம் அடிவரை குழாயைச் செருகி, காலி சிரிஞ்சால் உறிஞ்சினேன். உறிஞ்ச உறிஞ்ச நீலம் மணலுக்கு அடியில் ஊர்ந்து வந்தது.

என் கணவர் கார்முகில் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் தென்னந்தோப்பில் போன வருஷம் போர்வெல் ஆழமாகப் போட்டது அவர்தான். வேண்டாம் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். தோப்புக்கும் மணமேல்குடிக் கடலுக்கும் நடுவில்தான் இன்னாசியம்மாள் வீட்டுக் கிணறு.

"டீச்சர், இருக்கீங்களா?"

இன்னாசியம்மாளே பால் சட்டியோடு வந்து நின்றார்.

"கெணத்துத் தண்ணி ஊத்திக் காய்ச்சினேன், இன்னைக்கும் திரிஞ்சு போச்சு. பால்கார இருளாண்டி பால்ல என்னத்தையோ கலக்குறான். தெருவுல வச்சு நல்லாக் கேட்டுப்புட்டேன். 'எம் புள்ள மேல சத்தியம்'னு அழுவுறான், திருட்டுப்பய! ஒங்க பால்காரரை எனக்கும் ஊத்தச் சொல்லுங்க."

கார்முகில் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தொட்டியை மூடினார். "இந்தக் காலத்துல யாரைங்க நம்புறது?" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துண்டை உருவி எறிந்தேன்.

"எங்களுக்கும் இருளாண்டிதான் ஊத்துறாரு, எங்க பால் திரியலையே. உங்க கெணத்துத் தண்ணியில உப்பு ஏறினதாலதான் பால் திரியுது. இங்கிட்டு வந்து இதைப் பாருங்க."