தோட்டத்திலிருந்து ஒரு கோயில்

முட்டைக்கோஸ் பாத்தியில் கணுக்கால் புதைய நின்றுகொண்டு, தங்கை வரைந்த படத்தைக் கிட்டத்தில் பிடித்தும் எட்டத்தில் பிடித்தும் பார்த்துக்கொண்டிருந்தான் கொர்பினியன். படத்தில் கோயில் இருந்தது. தோட்டத்தில் நின்று பார்த்தால் இல்லை. இலை அடர்ந்த ஆப்பிள் மரம், பக்கத்து வீட்டு வைக்கோல் கொட்டகை, அதற்கு மேலே ஆல்ப்ஸ் மலைகூட இருந்தது. கோயிலை மட்டும் யாரோ கயிறு கட்டி ஓட்டிக்கொண்டு போய்விட்டாற்போல் காணவில்லை.

மணி எட்டரை. ஒன்பதுக்குச் சவப்பெட்டியைத் தூக்க ஆள் வந்துவிடும்.

எல்லாம் நாலு நாளைக்கு முன் பேசிய பேரத்தின் வினை. கொர்பினியன் மாட்டு வியாபாரி. கேட்டதைக் கேட்டபடி கொடுத்துப் பழக்கமில்லை. படுக்கையில் மூச்சு வாங்கிக்கொண்டே தங்கை அஃப்ரா தன் அடக்கத்துக்கு மூன்று கேட்டாள்.

"பேண்டு வாத்தியம் வேண்டாண்ணா."

"தீயணைப்புப் படையில முப்பது வருஷமா இருக்கேன். படையோட பேண்டு வாசிக்காம விடுவானுங்களா? முடியாது."

"பங்குச்சாமி என்னைப் பத்திப் பிரசங்கம் பண்ணக் கூடாது."

"அவர் வாயை யார் மூடறது? அஞ்சு நிமிஷத்துல முடிக்கச் சொல்றேன்."

"சரி. தோட்டத்து வழியாத் தூக்கிட்டுப் போங்க. கோயிலைப் பார்த்து நான் வரைவேனே, அங்க ஒரு பரலோக மந்திரம் சொல்ற நேரம் என்னை இறக்கி வைக்கணும். அதே இடத்துல. ரெண்டடி தள்ளி இல்ல."

மூன்றை ஒன்றாக்கிய சந்தோஷத்தில் கையை நீட்டினான். சந்தையில் அடிப்பதுபோலவே அவன் உள்ளங்கையில் அவள் தன் எலும்புக் கையால் அடித்தாள். அந்தப் பக்கத்தில் கை அடித்தால் அடித்ததுதான். பின்வாங்கினவனிடம் ஒருத்தன் கன்றுக்குட்டிகூட வாங்கமாட்டான். மறுநாள் அவள் கண்ணை மூடிய பிறகுதான் உறைத்தது, எந்த இடம் என்று கேட்கவே இல்லை. பல்லைப் பிடித்துப் பார்க்காமல் மாடு வாங்கியிருந்தான்.

பிணத்தைக் குளிப்பாட்டி உடுத்திவிட்ட பக்கத்து வீட்டுக் கிரெசென்ஸ் காப்பியோடு வந்தாள்.

"கிணத்தடியிலதான் இருப்பா. நானே பார்த்திருக்கேன்."

"அங்கேருந்து உன் கொட்டகைதான் தெரியுது."

"என் கொட்டகையை ஏன் இழுக்கறே? அதைக் கட்டிப் பதினெட்டு வருஷம் ஆச்சு. அவ வரைஞ்சதெல்லாம் அதுக்கப்புறம்."

"அப்போ தெரியாத கோயிலையா இருபத்தாறு தடவை வரைஞ்சா?"

"யாருக்குத் தெரியும்? மியூனிக்ல ஓவியம் படிச்சவ. உன் மாட்டையே பச்சையா வரைஞ்சவளாச்சே."

"நல்ல மாடு அது."

"படத்தைப் பார்த்த அப்புறம் யாரும் வாங்கலையே!" என்றவள் படத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "கோபுரத்துல கடிகாரத்தைக் காணோம். இது நம்ம கோயில்தானா?"

படத்தை அவள் திருப்பிக் கொடுக்கும்போது அந்தச் சந்தேகம் அவனுக்கும் வந்துவிட்டது. இத்தனை வருஷமும் அவள் இந்தத் தோட்டத்தில் உட்கார்ந்து என்னதான் பார்த்துக்கொண்டிருந்தாள்? ஒரு தடவையாவது பக்கத்தில் வந்து நின்றிருந்தால் தெரிந்திருக்கும். சாயங்காலம் சந்தையிலிருந்து வருவான், வேலிக்கு அப்பாலிருந்தே, "இன்னிக்கும் கோயிலா?" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவான்.

நாலு பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக இறங்கினார்கள்.

"எங்கேண்ணே வைக்க?" என்றான் முன்னால் வந்த வீட்டுஸ்.

"கிணத்தடில வை."

குனிந்தார்கள். யாருக்குத் தெரியப்போகிறது என்றுதான் கொர்பினியனும் நினைத்தான். பெட்டி தரையைத் தொடுவதற்குள், "இங்க இல்ல, தூக்குங்கடா" என்றான். அடுத்து வேலியோரம். அங்கேயும் இல்லை. அடுத்து அவரைப் பந்தல்.

"அண்ணே, வாங்க வந்தவனுக்கு மாட்டைச் சுத்திக் காட்டற மாதிரி இருக்கு" என்றான் வீட்டுஸ். "தோள் போச்சு."

"அவ கனமே இல்லையேடா."

"பெட்டி கனமாச்சே! ஓக்கு மரத்துல செய்யச் சொன்னது யாரு?"

"நான்தான்" என்றான் கொர்பினியன். கறுப்புக் கால்சட்டையோடு அவரைப் பந்தலுக்குப் பக்கத்தில் ஈரமண்ணில் பொத்தென்று உட்கார்ந்தான்.

உட்கார்ந்து பார்க்கையில், ஆப்பிள் மரத்தின் தாழ்ந்த கிளைக்குக் கீழே, கொட்டகைச் சுவர் முடிகிற இடத்துக்கு அப்பால், ஒரு முழ இடைவெளி. அதில் கோபுரம், கடிகாரத்தை மட்டும் கிளை மறைத்திருந்தது.

"இங்க" என்றான். "எனக்குப் பக்கத்துல வைங்க."

வைத்தார்கள். மடியிலிருந்த படத்தைப் பார்த்தான், கோபுரத்தைப் பார்த்தான். அதே கிளை, அதே சுவர். ஆனால் படத்தில் கோபுரம் நீலம். மை கொட்டினாற்போல் நீலம். எதிரே இருந்தது எப்போதும்போலச் சுண்ணாம்பு வெள்ளை. கண்ணை இடுக்கினான். தலையைச் சாய்த்தான். வெள்ளையாகவே இருந்தது.

"தெரியுதாண்ணே?"

"தெரியுது."

வீட்டுஸ் படத்தை எட்டிப் பார்த்தான். "நீலமாவா?"

கொர்பினியன் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"நீலந்தான்" என்றான்.

வீட்டுஸ் தொப்பியைக் கழற்றிவிட்டுக் குந்தினான். மற்ற மூவரும் ஒவ்வொருவராகக் குந்தினார்கள். தங்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோயிலை, வெளியூர்க்காரர்கள்போல் கழுத்தை வளைத்துத் தேடினார்கள். வேலிக்கு வெளியே காத்திருந்த பேண்டுக்காரர்களில் ஒருவன் குழலுக்குள் இரண்டு தடவை ஊதிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். பரலோக மந்திரத்தை யாரும் ஆரம்பிக்கவில்லை.

கிரெசென்ஸ் பாவாடையை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"கொஞ்சம் தள்ளேன். நானும் பார்க்கறேன்."

கொர்பினியன் நகர்ந்து இடம் விட்டான்.