ஜாஸ்மின் கவுனில் ஒரு பாக்கெட்

என்னிடம் பதினோரு சுடிதார், நான்கு பாவாடை, மூன்று கவுன் இருக்கின்றன. பாக்கெட் இல்லாதது அதில் ஒன்றுகூடக் கிடையாது. கடையில் வாங்கும்போது எதிலும் இல்லை, எல்லாம் நானே தைத்து வைத்தது. இது பொழுதுபோக்கா வியாதியா என்று எங்கள் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. அம்மா வியாதி என்கிறாள். அப்பா யார் பக்கமும் பேசுவதில்லை.

அப்பாவைப் பார்த்தால்தான் எனக்கு வயிறு எரியும். சட்டையில் ஒன்று, பேண்ட்டில் நான்கு என்று மனுஷனுக்கு ஐந்து பாக்கெட். அவற்றில் அவர் வைத்திருப்பது ஒரு சீப்பும் ஒரு பேனாவும். பர்ஸ், வண்டிச் சாவி, மூக்குக் கண்ணாடி மூன்றும் அம்மாவின் கைப்பையில் இருக்கும். நானோ பொழிச்சலூரிலிருந்து பஸ் பிடித்து, பல்லாவரத்தில் ரயில் மாறி, தாம்பரம் சானடோரியத்தில் ஒரு பல் டாக்டர் கிளினிக்குக்குப் போய் ரிசப்ஷனில் உட்கார வேண்டும். போன், ரயில் பாஸ், கைக்குட்டை, பெப்பர்மிண்ட், ஊக்கு, உதிரிப் பட்டன் எல்லாம் வேண்டும். இவ்வளவையும் துணி தைப்பவர்கள் நான் எங்கே வைத்துக்கொள்வேன் என்று நினைத்தார்களோ, எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை கிளினிக்கில் எனக்குப் பாதி நாள்தான். மதியமே பல்லாவரம் சந்தைக்கு ஓடிவிடுவேன். அங்கே பழைய கோட்டும் பேண்ட்டும் குவித்து விற்கும் தீனா அண்ணனுக்கு என்னைப் பார்த்தாலே சிரிப்பு.

"இன்னாமா, போன வாரம் எட்துகினு போன பேண்ட்டு இன்னா ஆச்சு?"

"பாக்கெட்ட மட்டும் வெட்டி எடுத்துக்கிட்டேண்ணா."

"இத்தினி வருசமா கடை போட்டுகினு கீறேன். பேண்ட்ட வுட்டுட்டு பாக்கெட்ட எட்துகினு போற ஒரே ஆளு நீதாம்மா."

எனக்குப் பெருமையாக இருக்கும். பழைய பேண்ட்டின் பாக்கெட் துணி மாதிரி உழைக்கிற துணி வேறு எதுவுமில்லை.

இப்போது ஜாஸ்மினைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அக்கா. என்னைவிட மூன்று வயது பெரியவள், பம்மலில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளுடைய அலமாரியில் ஹேர்கிளிப்புக்குக்கூட ஓர் இடம் உண்டு. அந்த இடத்தில் அந்தக் கிளிப் இல்லாவிட்டால் நான்தான் எடுத்திருப்பேன் என்று அவளுக்குத் தெரியும். இருபத்து நான்கு வருஷம் ஒரே அறையில் இவளோடு இருந்திருக்கிறேன்.

அவளுக்கும் கேளம்பாக்கத்தில் ஐ.டி. கம்பெனியில் இருக்கும் ஆபேலுக்கும் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை சொல்பவர்கள் இருந்தால் சொல்லலாம் என்று பாஸ்டர் ஆரோன் ஐயா எல்லார் முன்னாலும் படிப்பார். முதல் ஓலை வாசித்த அன்று எனக்குப் பெஞ்சில் உட்காரவே முடியவில்லை. ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் ஜாஸ்மின் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"ஜோ, ஒரே ஒரு கண்டிஷன். என் கல்யாணத்துல யாரும் சிரிக்கக் கூடாது."

"நான் என்ன பண்ணப்போறேன்?"

"ஏஞ்சல் கல்யாணத்துல என்ன பண்ணுனியோ அத."

ஏஞ்சல் எங்கள் சித்தப்பா மகள். போன வருஷம் அவள் கல்யாணத்தில் நான்தான் மணப்பெண் தோழி. அவள் கண்ணைத் துடைக்கட்டுமே என்று பாசமாகக் கைக்குட்டையை உருவினேன். கூடவே ஒரு கைப்பிடி வறுத்த கடலை பீடத்துப் படியில் கொட்டியது. கோயிலே சிரித்தது. ஏஞ்சல் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. ஜாஸ்மினுக்கு நாலு பேர் முன்னால் நிற்பதென்றாலே கை நடுங்கும். கரும்பலகை பக்கம் திரும்பி நிற்கலாம் என்பதால்தான் அவள் டீச்சரானாள் என்பது என் சந்தேகம்.

"ப்ராமிஸ்" என்றேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் குரோம்பேட்டை டெய்லரிடமிருந்து கவுன் வந்தது. வெள்ளை சாட்டின், கீழே அகலமாக விரிந்து, பக்கவாட்டில் நீளமான தையல். அந்தத் தையலைப் பார்த்ததுமே என் விரல்கள் பரபரத்தன.

"ஒரே ஒரு பாக்கெட் வெக்கட்டுமா? வெளிய தெரியவே தெரியாது."

"வேணாம்."

"வலது பக்கம் மட்டும்."

"பாக்கெட்டுல கைய விட்டுக்கிட்டு நிக்கிற கல்யாணப் பொண்ண நீ பாத்திருக்கியா? வேணாம்னா வேணாம் ஜோ."

நியாயமாகப் பார்த்தால் நான் அதோடு விட்டிருக்க வேண்டும். ஆனால் அவளுக்கு என்ன பரிசு கொடுப்பது என்று மூன்று வாரமாக யோசித்து எனக்கு மண்டை காய்ந்திருந்தது. மிக்ஸி ஏற்கெனவே இரண்டு வந்துவிட்டது. அக்கா போகிறாள் என்பது எனக்குத் தாங்கவில்லை, அதைச் சொல்லவும் வாய் வரவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வேலை இதுதான். கல்யாணம் வியாழக்கிழமை. செவ்வாய் மதியம் அவளும் அம்மாவும் பார்லருக்குப் போனதும் கதவைத் தாழிட்டு, கவுனின் வலது பக்கத் தையலை ஒரு சாண் நீளத்துக்குப் பிரித்தேன். தீனா அண்ணனிடம் வாங்கிய ஒரு பழைய கோட்டின் உள்துணி, தந்த நிறத்தில் வழவழவென்று இருக்கும், யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தேன். அதை வெட்டிப் பாக்கெட்டாக்கினேன். மெஷினை மிதிக்கும்போது சந்தோஷத்தில் எனக்கு மூச்சே வாங்கியது. கடைசி இரண்டு அங்குலம் இருக்கும்போது கேட் திறக்கும் சத்தம் கேட்டது. அவசரத்தில் அந்த இரண்டு அங்குலம் கோணலாகப் போய்விட்டது. பிரித்துத் தைக்க நேரமில்லை. கவுனை ஹேங்கரில் மாட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல டி.வி. முன்னால் போய் உட்கார்ந்தேன்.

புதன்கிழமை அவள் கவுனை ஒருமுறை போட்டுப் பார்த்தாள். நான் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கண்டுபிடிக்கவில்லை என்று ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன்.

வியாழக்கிழமை காலை மாப்பிள்ளைக்குப் போட வேண்டிய மோதிரத்தோடு அப்பா கூடத்தில் நின்றுகொண்டு கோட்டைத் தடவிக்கொண்டிருந்தார். புதுக் கோட்டு. டெய்லர் பாக்கெட் வாயை நூல் போட்டு மூடியே கொடுத்திருந்தான். அதைப் பிரிக்க வேண்டும் என்பதுகூட அப்பாவுக்குத் தெரியவில்லை. இந்த மனிதர்களுக்குப் போய் ஐந்து பாக்கெட்.

"என்கிட்ட குடுங்கப்பா" என்றேன். என் பீச் நிறக் கவுனில் ஏழு பாக்கெட்.

"அவகிட்டயா?" என்று அம்மா உள்ளேயிருந்து ஓடி வந்தாள்.

தலையில் முக்காடாக நெட் போட்டு முடித்திருந்த ஜாஸ்மின்தான் சொன்னாள். "குடுங்கப்பா. ஜோ, எங்க வெக்கிறேன்னு எனக்குக் காட்டிட்டு வை."

இடது இடுப்பில் பட்டன் வைத்த குட்டிப் பாக்கெட்டில் போட்டுக் காட்டினேன். காரில் அவள் பக்கத்தில் நான். பல்லாவரம் தாண்டும்போது தலைக்கு மேலே விமானம் ஒன்று தாழ்வாக இறங்கியது. எங்கள் ஏரியாவில் பிறந்து வளர்ந்தும் எனக்கு விமானத்துக்குக் கை காட்டுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. அதிலும் அன்று அக்காவுக்குக் கல்யாணம். ஜன்னல் வழியே பாதி உடம்பை வெளியே நீட்டிக் கை காட்டினேன். டிரைவர் திட்டினார்.

கோயிலில் எல்லாம் அழகாகத்தான் போனது. தாலி கட்டியாயிற்று. ஆனால் ஜாஸ்மினுக்கு நடுக்கம் நிற்கவில்லை. உடன்படிக்கை சொல்லும்போது அவள் குரல் எனக்கே கேட்கவில்லை. அவள் கையிலிருந்த பூச்செண்டு ஆடிக்கொண்டே இருந்தது. "மோதிரம்" என்று ஆரோன் ஐயா என்னைப் பார்த்தார்.

இடது இடுப்பில் கை விட்டேன். மோதிரம் இல்லை.

பக்கத்துப் பாக்கெட்டில் கை விட்டேன், பெப்பர்மிண்ட். அடுத்ததில் ஊக்கு. அதற்கடுத்ததில் எந்த மெஷினுடையது என்று தெரியாத ஒரு ஸ்குரூ. போன், ரயில் பாஸ், கைக்குட்டை என்று ஒவ்வொன்றாக எடுத்துப் படியில் வைத்தேன். கல்யாணத்துக்கு ரயில் பாஸ் எதற்கு என்று முன் வரிசையில் யாரோ கேட்டார்கள். பெப்பர்மிண்ட் ஒன்று உருண்டு போய் ஆபேலின் ஷூவில் முட்டி நின்றது. ஆபேல் குனிந்து அதை எடுத்து, என்ன செய்வதென்று தெரியாமல் ஆரோன் ஐயாவிடம் நீட்டினார். அவ்வளவுதான். மொத்தக் கோயிலும் சிரித்தது. பாடகர் குழுவில் தொடங்கி வாசலில் செருப்புப் பக்கம் நின்றவர்கள் வரைக்கும் சிரித்தார்கள்.

எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அதைக்கூடக் காப்பாற்றத் துப்பில்லாமல் போய்விட்டேனே என்று ஜாஸ்மினை நிமிர்ந்து பார்த்தேன். நெட்டுக்குள் அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நாங்கள் எங்கள் அறையில் சிரிப்பதுபோல, சத்தமாகவே சிரித்தாள். பூச்செண்டு ஆடவில்லை. சிரித்த வாக்கில் அவள் கை தானாக வலது பக்கம் இறங்கி, கவுனுக்குள் நுழைந்து, அப்படியே நின்றது. அவள் முகம் மாறியது. கை வெளியே வந்தபோது அதில் மோதிரம் இருந்தது.

"நான்தான் எடுத்தேன்" என்றாள் என்னிடம். "மறந்தே போச்சுடி."

அதன் பிறகு அவள் சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் கடைசி பெஞ்சுவரை கேட்டது.

பதிவேட்டில் கையெழுத்துப் போட உள் அறைக்குப் போனபோதுதான் அவளிடம் பேச முடிந்தது.

"எப்ப எடுத்த?"

"கார்ல. நீ பிளேனுக்கு டாட்டா காட்டிக்கிட்டிருந்த, பட்டனே போடல. விழுந்துடப்போகுதுன்னு எடுத்து என் பாக்கெட்டுல போட்டேன். அப்புறம் சுத்தமா மறந்துட்டேன். உன் வியாதி எனக்கும் ஒட்டிக்கிச்சு."

"பாக்கெட் இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"நேத்துப் போட்டுப் பாத்தேன்ல. கடைசி ரெண்டு அங்குலம் கோணல்."

"கோவமா?"

அவள் என் கைக்குட்டையைப் பிடுங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போட்டோகிராபர் கூப்பிட்டார், போய்விட்டாள்.

வரவேற்பு முடிந்து அவர்கள் கேளம்பாக்கம் கிளம்பியபோது நான் அழவில்லை. காருக்குப் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடினேன், அவ்வளவுதான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து எங்கள் அறை விளக்கைப் போட்டேன். என் கட்டிலில், அவள் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப் போகும் சுடிதார்கள் ஐந்து ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து வைத்திருந்தன. விரித்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கமும் ஸ்கேல் வைத்து சாக்பீஸால் கோடு போட்டிருந்தது. மேலே ஒரு தாள். புதன்கிழமை தேதி போட்டு, கணக்கு நோட்டில் எழுதுகிற அதே கையெழுத்து.

"ரெண்டு பக்கமும் வேணும். சாக்பீஸ் டப்பா கொள்ளணும். நேராத் தை. நீயே கொண்டுவந்து குடு."

அப்போதுதான் அழுகை வந்தது. கைக்குட்டையைத் தேடினேன். ஏழு பாக்கெட்டிலும் இல்லை. அவள் பாக்கெட்டில் கேளம்பாக்கத்துக்குப் போய்விட்டது. கவுன் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெஷின் உறையை எடுத்தேன். நாளைக்கு வெள்ளிக்கிழமை. தீனா அண்ணனிடம் பத்துப் பாக்கெட்டுக்குத் துணி எடுக்க வேண்டும்.