இழுக்கக் கூடாத பை

லண்டனில் மகன் வீட்டில் மூன்று மாதம் பாத்திரம் கழுவிவிட்டு ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம், நானும் என் வீட்டுக்காரர் வேல்சாமியும். சென்னையில் இறங்கி ரயிலைப் பிடித்தால் மறுநாள் காலை கோவில்பட்டி. காலை நீட்டிப் படுக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. அதற்குள் நடுவானில் சனியன் சாம்பல் நிறச் சட்டை போட்டுக்கொண்டு எழுந்து நின்றது.

ஒற்றை ஆள். கையில் லைட்டர், தோளில் கறுப்புப் பை, அதிலிருந்து வெளியே நீட்டிய திரி. பை நிறைய வெடிமருந்து என்றான். விமானம் ஏதோ பாலைவன ஊரில் இறங்கி, ஓடுபாதையின் ஓரத்தில் நின்று இருபது மணி நேரமாகிவிட்டது. ஏசி இல்லை. கக்கூஸ் நாற்றம். முதலில் அழுதவர்கள்கூட இப்போது கொட்டாவி விட்டார்கள். பயத்துக்கும் ஓர் அளவு உண்டு போலிருக்கிறது, அதற்கு மேல் அலுப்புதான்.

எனக்கு அலுத்துக்கொள்ளவும் வழியில்லை. இவருக்குச் சர்க்கரை. இன்சுலின் இருந்த கைப்பையை மற்றவர்களின் பைகளோடு பிடுங்கி முன்னால் குவித்துவிட்டான். மூன்று வேளை ஊசி தப்பிவிட்டது. நாலு தடவை வாந்தி எடுத்தார். இப்போது கூப்பிட்டால் கண்ணைத் திறப்பதே இல்லை. ஊசியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று சைகையில் கெஞ்சினேன். லைட்டரைக் காட்டி உட்கார் என்றான். நாசமாய்ப் போகிறவன்.

அவனுக்கும் தோள் வலித்திருக்க வேண்டும். பையை இறக்கித் தரையில் போட்டான். பிறகு நடக்கும்போதெல்லாம் அதைக் காலால் எத்தி எத்தித் தள்ளிக்கொண்டே போனான். அதைப் பார்த்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

முப்பது வருடம் பட்டாசு ஆலையில், வெடிமருந்து கலக்கும் மருந்தறையில் வேலை பார்த்தவள் நான். ஓர் உரசல் போதும், மருந்து பற்றிக்கொள்ளும்; அதனால் அங்கே செருப்பில்லை, நைலான் சேலை இல்லை. மருந்துப் பெட்டியை இழுத்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இரண்டு பேர் சேர்ந்து தூக்கி, பிள்ளையைத் தொட்டிலில் போடுவதுபோல வைக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் வீட்டில் அரிசி மூட்டையைக்கூட நான் இழுப்பதில்லை.

முன் இருக்கையில் பேச்சிராஜா இருந்தான். எங்கள் பக்கத்து நாகலாபுரத்துக்காரன், கப்பலில் வேலை. என் பேச்சைக் கேட்டதுமே பெரியம்மா என்று ஒட்டிக்கொண்டவன்.

"ஏலே, அந்தப் பையில மருந்து இல்லலே," என்றேன் மெதுவாக.

"என்ன பெரியம்மா சொல்லுதீங்க?"

"இருந்தா காலால எத்துவானா? வெறும் மண்ணு. ஏமாத்துதான்."

"உறுதியாச் சொல்லுதீங்களா? இருநூறு உசுரு."

"முப்பது வருசம் அதுலதான கெடந்தேன். எங்க வீட்டுக்காரரப் பாரு. இன்னும் ஒரு மணி நேரம் தாங்காது."

அவன் பக்கத்திலிருந்த இரண்டு பேரிடம் இங்கிலீஷில் குசுகுசுத்தான். சனியன் திரும்பி நடந்த நேரம் மூவரும் பாய்ந்தார்கள். லைட்டர் எங்கோ பறந்தது. நான்கு உடம்பும் அந்தப் பையின் மேலேயே விழுந்து புரண்டன. ஒன்றும் ஆகவில்லை.

கதவு திறந்தது. ஆம்புலன்ஸில் இவருக்கு ஊசி போட்டு, சலைன் ஏற்றினார்கள். மொழிக்குத் துணையாகப் பேச்சிராஜாவும் ஏறிக்கொண்டான். வெகுநேரம் கழித்து இவர் கண் திறந்து, "ஏட்டி, தண்ணி," என்றார். நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

"எல்லாம் உங்க மூளை பெரியம்மா," என்று சிரித்தான் பேச்சிராஜா.

அப்போது தூரத்து மணலில் ஒரு சின்ன வெடி. பையைச் செயலிழக்க வைக்கப் போலீஸ்காரர்கள் வைத்தது என்று டிரைவர் சொன்னாராம். அதை அவன் எனக்குச் சொல்லி முடிப்பதற்குள் அதன் பின்னாலேயே பெரிய வெடி எழுந்தது. ஆம்புலன்ஸின் கண்ணாடி அதிர்ந்தது. வெள்ளைப் புகை பனை உயரத்துக்குப் போனது.

மண் வெடிக்காது. அந்தச் சத்தத்தை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மருந்தின் குணம் தெரியாத மடையனும் மருந்தைத் தூக்குவான் என்பது என் புத்தியில் உறைக்கவே இல்லை.

பேச்சிராஜா தன் நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டான். பையின் மேல் முதலில் விழுந்தவன் அவன்தான். பிறகு என்னைப் பார்த்தான். வெட்கத்தில் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"என்னட்டி சத்தம்?" என்றார் இவர்.

"எங்கனயோ டயரு வெடிச்சிருக்கு. நீங்க தூங்குங்க," என்றேன்.