ஐந்து தகர டப்பிகள்

கொல்லம் ஆயிரத்து நூற்று நாலாம் ஆண்டு, இங்கிலீஷ் கணக்கில் 1929, தை மாதம், தோவாளைக்குத் தெற்கே வயல்களுக்கு நடுவில் இருந்த ஒரு வெள்ளாளத் தெருவுக்கு, திருவிதாங்கூர் சர்க்கார் ஒரு மனிதரையும் ஒரு சாக்கு நிறையத் தகர டப்பிகளையும் அனுப்பி வைத்தது. மனிதர் பெயர் டைட்டஸ். இரணியல்காரர், சுகாதார இன்ஸ்பெக்டர். காக்கிக் கால்சட்டையும் பூட்ஸும் போட்டிருந்ததால் முதலில் நிலத்தீர்வை வசூலிக்க வந்தவர் என்று நினைத்துத் தெருவே கதவைச் சாத்திக்கொண்டது. வந்த காரியம் தெரிந்த பிறகு, தீர்வையே மேல் என்று தோன்றிவிட்டது.

வீட்டில் எத்தனை பேரோ அத்தனை டப்பி. தீப்பெட்டி அளவுதான் இருக்கும். ஒவ்வொன்றிலும் காகிதம் ஒட்டிப் பெயர் எழுதியிருந்தது. காலையில் வெளிக்குப் போகும்போது அவரவர் டப்பியில் ஒரு கோலிக்காய் அளவு மலம் எடுத்து வைக்க வேண்டும். மறுநாள் அவர் வந்து வாங்கிக்கொண்டு போவார். இதைச் சொல்லும்போது அவருக்கே நெற்றியில் வேர்த்தது.

"கொக்கிப் புழுன்னு ஒண்ணு இருக்கும்மா. குடலைக் கவ்விக்கிட்டு ரத்தத்தைக் குடிச்சே வளரும். அதுக்க முட்டை மலத்தோட வெளிய வந்து, ஈர மண்ணில பொரிக்கும். அந்த மண்ணில வெறுங்காலோட நிக்க ஆளுக்குக் காலைத் துளைச்சு உள்ள போயிரும். வாய் வழியா இல்ல, கால் வழியா."

கதவிடுக்கில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். காலில் நுழைந்து வயிற்றுக்குப் போகிற புழுவை யார் கண்டார்கள்? தெருவில் எல்லோரும் போய்வருவது வாய்க்கால் கரைத் தென்னந்தோப்புக்குத்தான். விடியும் முன் பெண்கள், விடிந்தபின் ஆண்கள். நிழலும் ஈரமுமாக மண் எப்போதும் குளிர்ந்து கிடக்கும் இடம். தலைமுறை தலைமுறையாக அங்கே வெறுங்காலோடு போனவர்கள்தான் எல்லோரும்.

கணபதியப்ப பிள்ளையின் மனைவி உலகம்மைக்கு ஐந்து டப்பி கிடைத்தது. கணவர், மகன் தாணப்பன், மருமகள் கோமளவல்லி, பதினோரு மாதப் பேரன், பிறகு அவள். உலகம்மை ஆளுக்குப் பயந்தவள் இல்லை. அவள் பயந்ததெல்லாம் தெருவுக்குத்தான். தெரு ஒன்று சொல்லிவிடக்கூடாது என்பதற்காகவே வாசலை இரண்டு வேளை மெழுகுகிறவள். அந்த டப்பிகளை வீட்டுக்குள் எடுக்கவே அவளுக்கு மனம் வரவில்லை. தொழுவத்துச் சுவர்மேல் வரிசையாக வைத்துவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

இருபத்தெட்டு வருஷமாகக் கணவரின் பெயரைக்கூட வாய்விட்டுச் சொல்லாதவள், இதை அவர் கையில் கொடுத்து என்னவென்று சொல்வாள்? வளர்ந்த மகனிடம் எப்படி நீட்டுவாள்? அதற்கும் மேலே, 'கணபதியப்ப பிள்ளை' என்று பெயர் எழுதிய டப்பியை அந்த மனிதர் சாக்கில் போட்டுத் தெருவழியே தூக்கிப் போவார். எங்கேயோ ஒருவர் அதைத் திறந்து, கண்ணாடிக் குழாய் வைத்து உற்றுப் பார்ப்பார். நினைக்கும்போதே அவளுக்குக் காதெல்லாம் சூடேறியது.

மறுநாள் காலையில், இன்னும் நடை பழகாத பேரன் கொல்லையில் வாழையிலைத் துண்டின் மேல் வெளிக்கு இருந்தான். குழந்தையுடையதில் யாருக்கு என்ன அருவருப்பு, என்ன வெட்கம்? உலகம்மை தென்னை ஈர்க்கு ஒன்றை ஒடித்தாள். ஐந்து டப்பியையும் அதிலிருந்தே நிரப்பி மூடி, துணியால் துடைத்து, சுவர்மேல் பழையபடி வைத்தாள். டைட்டஸ் வந்து எடுத்துக்கொண்டு போனார். காரியம் இவ்வளவு லேசாக முடிந்ததே என்று அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

மாசியில் பரிசோதனை முடிவு வந்தது. தெருவில் பதினெட்டு வீடு. பதினேழு வீட்டில் கொக்கிப் புழு. ஒரு வீட்டில் மட்டும், ஐந்து பேரில் ஒருவருக்குக்கூட இல்லை. டைட்டஸ் அந்த வீட்டின் முன்னால் நின்று, தெருவே கேட்கும்படி, "சுத்தம்னா இந்த வீட்டைப் பாத்துப் படிக்கணும்" என்றார். கதவுக்குப் பின்னால் நின்ற உலகம்மைக்கு, உண்மையைச் சொன்னால், பெருமையாகத்தான் இருந்தது. பொய் தன்னுடையது என்பதே ஒரு கணம் மறந்துவிட்டது. எதிர் வீட்டு ரத்தினம் வந்து, "அப்பிடி என்னதான் செய்வியோ மயினி?" என்று கேட்டபோது, வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுப்பதாக ஒரு கதையையும் அளந்து வைத்தாள்.

அதோடு நின்றிருந்தாலும் போகட்டும். மற்ற வீடுகளுக்கு மருந்து கொடுத்துவிட்டு, வீட்டுக்கு ஒரு குழிக் கக்கூஸ் வெட்டச் சொன்னார் டைட்டஸ். மருந்து ஒரு தடவை புழுவைக் கொல்லும், ஆனால் அதே தோப்புக்கு வெறுங்காலோடு போனால் அதே புழு திரும்ப ஏறும் என்று தொண்டை வற்றப் பேசினார். ரத்தினம் ஒரே பேச்சில் அவர் வாயை அடைத்துவிட்டாள்.

"உலகம்மை மயினி வீட்டில குழியும் கெடையாது, செருப்பும் கெடையாது. புழுவும் கெடையாதே. பின்ன எங்களுக்கு என்னத்துக்குக் குழி?"

தெரு முழுக்கத் தலையாட்டியது. ஒரு வீட்டிலும் மண்வெட்டி விழவில்லை. உலகம்மை முறத்திலிருந்த அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

கோமளவல்லி அந்த வீட்டுக்கு வந்து மூன்று வருஷம். ஆரல்வாய்மொழியில் பிறந்தவள். வந்தபோது இரண்டு குடத்தை இடுப்பிலும் தலையிலும் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே நடப்பாள். இப்போது ஒரு குடம் தண்ணீர் இறைத்தால் கிணற்றடியிலேயே உட்கார்ந்துவிடுகிறாள். உள்ளங்கை சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருந்தது. சாயங்காலமானால் முகமும் பாதமும் வீங்கும். ஒருநாள் தொழுவத்துக்குப் பின்னால் சுவர் மண்ணைச் சுரண்டி அவள் வாயில் போடுவதைப் பார்த்துவிட்டு, உலகம்மை அவள் கையில் ஓங்கி ஓர் அடி கொடுத்தாள்.

"வேலைக்கு வளையாத உடம்பு, மண்ணைத் திங்க மட்டும் குனியுது என்னா?"

கோமளவல்லி வாயைக் கழுவிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். பதினேழு வீடும் மருந்து குடித்த மாதத்தில் அவளுக்கு மருந்து கிடைக்கவில்லை. சுத்தமான வீட்டுப் பெண்ணுக்கு எதற்கு மருந்து?

பங்குனி அறுப்பின்போது அவள் களத்துமேட்டில் நெல் தூற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே விழுந்தாள். வண்டி கட்டி, தோவாளையில் சர்க்கார் போட்டிருந்த கொட்டகை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் கண் இமையை இழுத்துப் பார்த்தார், நாடி பார்த்தார். முதலில் அவர் வாயில் வந்த வார்த்தையே கொக்கிப் புழு என்பதுதான். பிறகு பதிவேட்டைப் புரட்டி, "இந்த வீட்டுல யாருக்கும் இல்லன்னுல்லா எழுதியிருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "அப்போ இருதயக் கோளாறாத்தான் இருக்கும். வேலை ஒண்ணும் செய்யப்பிடாது. படுத்தே இருக்கட்டும்."

உலகம்மை பக்கத்தில்தான் நின்றாள். அந்தப் பதிவேட்டில் இருந்தது தன் கையெழுத்து இல்லாத தன் பொய் என்று அவளுக்குத் தெரியும். வாயைத் திறந்தாள். டாக்டருக்குப் பின்னால் தாணப்பன் நின்றான், வண்டிக்காரன் நின்றான், டைட்டஸ் நின்றார். வாய் தானாக மூடிக்கொண்டது.

கணபதியப்ப பிள்ளை கொதித்துப்போனார். இருதய நோயை மறைத்துப் பெண்ணைத் தன் மகன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று முடிவு கட்டினார். வெள்ளிக்கிழமை அவளை ஆரல்வாய்மொழியில் கொண்டுபோய் விட்டுவிடுவது. பேரன் இங்கேயே இருக்கட்டும். தாணப்பனுக்கு வேறு இடம் பார்க்கலாம். தாணப்பன் தகப்பன் எதிரே நிமிர்ந்து நின்றவன் இல்லை. அவன் வயலுக்குப் போய்விட்டான்.

வியாழக்கிழமை முழுவதும் உலகம்மை கணவரைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அவர் சாப்பிட்டு எழுந்து கை துடைக்கும்போது எப்படியோ துணிந்து, "அந்த டப்பி…" என்று தொடங்கினாள்.

"எந்த டப்பி?"

"பொடி டப்பி. எங்க வச்சியளோன்னு கேட்டேன்."

"மடியிலதான் இரிக்கு" என்று எடுத்துக் காட்டிவிட்டு அவர் போனார். உலகம்மை எச்சில் இலையின் முன்னால் நின்றாள். ஒரு பெண்ணின் வாழ்க்கை போகிறது; தன்னால் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. ஆனால் செத்தாலும் காரணம் தெருவுக்குத் தெரியக்கூடாது என்றுதான் அப்போதும் நினைப்பு ஓடியது.

வெள்ளிக்கிழமை காலை வண்டி வாசலில் நின்றது. கோமளவல்லியின் தகரப் பெட்டியை ஏற்றியாயிற்று. தெரு வேடிக்கை பார்க்க வந்திருந்தது, ரத்தினம் முன்வரிசையில். கோமளவல்லி வீங்கிய காலோடு ஒவ்வொரு படியாக இறங்கி, பிள்ளையை உலகம்மையின் கையில் கொடுத்தாள். அழவில்லை. "ராத்திரி இடப்பக்கமாப் போட்டாத்தான் உறங்குவான் அத்தே" என்று மட்டும் சொன்னாள்.

பேரன் தாய் பக்கமாகவே கையை நீட்டித் துள்ளினான். அந்த உடம்பின் சூடு மார்பில் பட்டதும் உலகம்மைக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"அவளுக்கு இருதயத்தில ஒண்ணும் இல்ல" என்றாள். "புழுதான். டப்பியில வச்சது அவளுக்கது இல்ல. அஞ்சிலயும் இந்தப் பிள்ளைக்கதைத்தான் வச்சேன்."

கணபதியப்ப பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு, "உள்ள போ. பேச்சை உள்ள வச்சுக்கிடலாம்" என்றார். அவருக்கும் தெருதான் பெரிது. உலகம்மைக்கு அந்தக் குரல் தன் குரல் போலவே கேட்டது.

"உள்ள வச்சுத்தான் இம்புட்டும் ஆச்சு" என்றாள், இன்னும் உரக்க. பிறகு ரத்தினத்தின் பக்கம் திரும்பினாள். "எங்க வீடு சுத்தமில்லட்டி. வேப்பங்கொழுந்தும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. என் பேச்சைக் கேட்டு இருந்திராதீங்க. அந்த மனுசன் சொன்ன மாரி குழியை வெட்டுங்க."

ரத்தினம் மூக்கைச் சேலை முந்தியால் பொத்திக்கொண்டாள். பின்னால் யாரோ சிரித்தார்கள். உலகம்மை பிள்ளையோடு வண்டியில் ஏறி, கோமளவல்லியையும் கைகொடுத்து ஏற்றி, வண்டிக்காரனிடம் தோவாளைக்கு விடச் சொன்னாள். கணபதியப்ப பிள்ளை வண்டியை மறிக்கவில்லை; துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கொட்டகையில் அவள் தானே டப்பி கேட்டு வாங்கினாள். மருமகளுடையதை மூடாமலே கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். டாக்டர் கண்ணாடிக் குழாயில் குனிந்து பார்த்தவர் நிமிர வெகுநேரமாயிற்று.

"முட்டையா நெறஞ்சு கெடக்கு. தை மாசமே மருந்து குடுத்திருந்தா இவ்வளவு வந்திருக்காது. இப்ப உடம்பில ரத்தமே இல்ல. புழு மருந்தைத் தாங்க மாட்டா. முதல்ல இரும்பு மருந்து குடுத்துப் பாப்போம். பெலன் வந்தாத்தான் மத்தது."

"வந்திருமா?" என்று கேட்டாள் உலகம்மை.

"பாப்போம்" என்றார் டாக்டர்.

டைட்டஸ் பதிவேட்டில் பழைய வரியை அடித்துவிட்டு எழுதினார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அஞ்சும் ஒரே நெறமா இருக்கேன்னு எனக்கு அப்பமே ஒரு சந்தேகம் உண்டும்மா" என்றார் மெல்ல. "ஊருக்குக் காட்ட ஒரு நல்ல வீடாவது கெடச்சுதேன்னு விட்டுட்டேன்." பேனாவை மூடி வைத்துவிட்டு வெளியே போனார்.

கோமளவல்லியைக் கயிற்றுக் கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். உலகம்மை கால்மாட்டில் உட்கார்ந்தாள். "நான் உனக்குப் பெரிய துரோகம் செஞ்சிட்டேன் மக்கா" என்றாள் கடைசியில்.

"எனக்குத் தெரியும் அத்தே. அண்ணைக்கு நீங்க ஈர்க்கு ஒடிக்கும்போது நான் கிணத்தடியிலதான் நின்னேன்."

உலகம்மை திடுக்கிட்டுப் பார்த்தாள். "பின்ன ஏன் சொல்லல? டாக்டர்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு சொல்லுவேன்? டப்பியைத் தாங்க, நானே வச்சுத் தாரேன்னு உங்ககிட்ட வந்து நிக்கணும். அதை அம்புட்டு பேர் முன்னால சொல்லணும்." கோமளவல்லி கண்ணை மூடிக்கொண்டாள். "நாணக்கேடா இருந்துது அத்தே."

"சாகதைவிடவா?"

"ஆமா" என்றாள் அவள், யோசிக்காமலே.

அந்த வெட்கத்தை இந்தப் பெண் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவரவில்லை. மூன்று வருஷமாக, உரக்கச் சிரிக்காதே, தெருவில் நிற்காதே, யார் என்ன சொல்வார்கள் என்று வேளாவேளைக்கு ஊட்டி வளர்த்தது தான்தான் என்பது உலகம்மைக்குத் தெரிந்தது.

அவள் மருமகளின் பாதங்களைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். கோமளவல்லி பதறிக் காலை இழுத்தாள், உலகம்மை விடவில்லை. விரலிடுக்கில் சின்னச் சின்னச் சிவந்த புண்கள், சொறிந்து சொறிந்து தோல் உரிந்திருந்தது. புதிதல்ல, தினமும் பார்த்ததுதான். விடிகாலையில் தோப்பிலிருந்து வந்து காலைச் சொறிந்துகொண்டு நிற்பாள். மஞ்சளைத் தேய்த்துவிட்டு வேலையைப் பாரு என்று இவள் சொல்வாள். இந்த வழியாகத்தான் ஏறியிருக்கிறது.

உலகம்மை முந்தானையைத் தண்ணீரில் நனைத்து, ஒவ்வொரு விரலிடுக்காகத் துடைக்கத் தொடங்கினாள். வாசலில் மருந்து வாங்க வந்த ஊர்க்காரர்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.